முன்னாடி மூணு பேர், பின்னாடி ஒருத்தன்

"பவர் வாங்கியாச்சா?"

பெரியவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். அந்த மெத்தைக் கடையில் உறை தைக்க நான் சேர்ந்து ஒரு வெயில்காலம் முடிந்து மழைக்காலம் பாதி போயிருந்தது. அதுவரை அவர் என்னைப் பார்த்து "அந்த நூலை எடு", "இந்த ஓரம் கோணல்" என்று சொல்வதோடு சரி. கேட்டாலும் என்னிடமிருந்து பதில் வராது என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். "அந்தப் பொண்ணு வாய்ல பஞ்சு" என்பார் அவருடைய தம்பி சின்னவர். அன்றைக்குப் பெரியவர் என் மிஷின் பக்கம் குனிந்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார். நான் தலையாட்டினேன். வாங்கியாச்சுதான். முந்தின நாள் வந்த அந்தப் பெட்டியை மாடிப்படி வரை தூக்கிப் போனதே நான். சின்னதாக இருந்தாலும் செங்கல் கனம் கனத்தது.

பெரியவர் நிமிர்ந்தார். "சரி" என்றார். கழுத்தில் கிடந்த அளவுநாடாவை எடுத்து மெதுவாகச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்தார். வேலை நேரத்தில் அந்த நாடா அவர் கழுத்தைவிட்டு இறங்கி நான் பார்த்ததில்லை.

அவர் கேட்டது ஒரு பவர், நான் தலையாட்டியது வேறு பவர். சின்னவரின் மகள் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் கட்டிக்கொண்டிருந்தாள். அதன் பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பெட்டிக்கு அவள் வைத்த பெயர் பவர். பெரியவருக்குப் பவர் என்றால் ஒன்றே ஒன்றுதான். ஒருத்தருக்காக இன்னொருத்தர் கையெழுத்துப் போடலாம் என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்குவது. சொத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகிற குடும்பங்கள் முதலில் செய்கிற காரியம் அது.

சின்னவரின் மகளைக் கடையில் எல்லோரும் பொத்தான் என்றுதான் கூப்பிடுவோம். தவழுகிற வயதில் பொத்தான் டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அழுததாகச் சொல்வார்கள். வளர்ந்த பிறகு மெத்தைக்குப் பொத்தான் வைக்கும் வேலையே அவளுக்கு வந்தது. அது சின்ன வேலை இல்லை. உறைக்குள் பஞ்சைத் திணித்து, கம்பால் தட்டிச் சமன் செய்த பிறகு, நீள ஊசியால் குத்தி இரண்டு பக்கமும் பொத்தான் வைத்து இறுக்க வேண்டும். இறுக்கம் கூடினால் அந்த இடம் பள்ளமாகும். குறைந்தால் பஞ்சு ஒரு பக்கமாக ஓடிப்போய், வாங்கினவன் ஒரு மாதத்தில் மெத்தையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவான். பொத்தான் வைத்த மெத்தை எதுவும் அப்படித் திரும்பி வந்ததில்லை. அது அவளுக்கும் தெரியும். நடையிலேயே தெரியும்.

வேலை முடிந்ததும் அவள் இரண்டு தெரு தள்ளியிருந்த விளையாட்டுக் கடைக்குப் போவாள். வாடகைக்குக் கம்ப்யூட்டர் விடுகிற கடை. அங்கே நாற்காலிகள் எல்லாம் பஞ்சு பிதுங்கி இருக்கும் என்று திட்டுவாள். அதில் உட்கார்ந்துதான் எங்கோ தூரத்தில் இருக்கிற ஆட்களோடு சேர்ந்து ஆடுவாள். அவள் அணிக்குத் தலைவி வேறொரு ஊரில் பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். நேரில் பார்த்ததே இல்லை. கேப்டன் என்று கூப்பிடுவாள். ஒருநாள் ஆட்டம் ஜெயிக்கிற சமயத்தில் கடைக்காரர் நேரம் முடிந்தது என்று திரையை அணைத்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் போட்ட சபதம்: "இனிமே அடுத்தவன் நாற்காலில உட்கார மாட்டேன். எனக்குன்னு ஒண்ணு கட்டறேன். சும்மா ஒண்ணு இல்ல, இருக்கறதுலயே நல்லதா."

கட்டுகிறேன் என்றுதான் சொல்வாள், வீடு மாதிரி. அதற்காகவே தன் கூலியில் சேர்த்துவந்தாள். பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்தாள். பஞ்சு அடிக்கிற மிஷின் ஓடும்போது பேச்சுக் கேட்காது, நிற்கும்போது அவள் பேச்சு மட்டும்தான் கேட்கும். போனை வெட்டு மேசையில் சாய்த்து வைத்து, காதில் ஒரு பக்கம் மட்டும் ஒயரைச் செருகிக்கொண்டு, கை பாட்டுக்குப் பொத்தான் வைக்க, வாய் பாட்டுக்குக் கேப்டனோடு வாதாடும். பக்கத்து மிஷின் என்னுடையது. கழற்றிப் போட்டிருந்த இன்னொரு ஒயரிலிருந்து கேப்டன் குரல் எறும்பு பேசுவதுபோல எனக்கும் கேட்கும்.

அந்த ஒருநாள் பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"கேஸ்தான்டி முதல்ல. அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

கேஸ் என்றால் பாகங்களை எல்லாம் உள்ளே வைக்கிற கூடு. சந்தையில் கேபினெட் என்பார்கள். இவள் கேப்டனிடம் கற்றுக்கொண்ட சொல் கேஸ்.

"எல்லாரும் கிராபிக்ஸ் கார்டுல ஆரம்பிப்பாங்க, நீ என்னடி பொட்டியில ஆரம்பிக்கற?" என்றது ஒயர்.

"கட்டில் அளவு தெரியாம எவளாச்சும் மெத்தை தைப்பாளா? பெரிய கார்டை வாங்கிட்டு, உள்ள போகலைன்னா என்ன பண்றது, வாலை வெட்டறதா? சின்னக் கேஸெல்லாம் வேணாம். பெரிய கேஸாவே போட்டுடலாம்."

"தூசி?"

"அதுக்குத்தான் சொல்றேன். இது பஞ்சு பறக்கற வீடு. முன்னாடி மூணு பேரை நிறுத்தறேன், பின்னாடி ஒருத்தன் போதும். உள்ள வர்ற காத்து அதிகமா, வெளிய போறது கம்மியா இருந்தா, இண்டு இடுக்குல எவனும் திருட்டுத்தனமா நுழைய முடியாது. முன்வாசல் வழியாத்தான் வரணும். அங்க வலை போட்டுப் பிடிச்சுடுவேன்."

மூணு பேர் என்றது காற்றாடிகளை. அவள் எந்தச் சாமானையும் ஆள் மாதிரிதான் பேசுவாள்.

"தண்ணில குளிர வைக்கறது வாங்கு, அழகா இருக்கும்."

"பஞ்சு வீட்டுல தண்ணிய எதுக்குடி கொண்டுவரணும்? முன்பக்கம் அதை மாட்டினா கார்டுக்கு இடம் போயிடும். காத்தாடி வச்ச கூலர் போதும். உசரம் பார்த்துட்டேன், மூடி மூடும்."

"பவர்?"

"பவர்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. தேவைக்கு மேலயே வாங்கிடறேன். இங்க மிஷின் மோட்டார் போட்டா தெரு விளக்கே கண்ணடிக்கும். பவர் சரியில்லன்னா மொத்தக் குடும்பமும் படுத்துடும்."

"மதர் போர்டு?"

"மதர் போர்டு முடிவு பண்ணியாச்சு. வந்தவுடனே முன்ரூம்ல கிடக்கற பழசு எல்லாத்தையும் தூக்கிடலாம். அப்பாகிட்ட சொல்லிட்டேன். பெரியப்பாகிட்ட இப்ப வேணாம், எல்லாம் வந்தப்புறம் காட்டிக்கலாம். ஆச்சரியப்படட்டும்."

மாடிப்படியில் ஒரு பாத்திரம் சத்தமிட்டது. பெரியம்மா நின்றிருந்தாள். பெரியவரின் மனைவி. எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தவள் பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள். ஒயரில் கேப்டன் பேசியது அவள் காதுக்கு எட்டவில்லை. பொத்தான் பேசியது முழுவதும் எட்டியிருந்தது.

தேநீர் கீழே வரவில்லை. அப்படியே மேலே திரும்பிப் போயிற்று.

பெரியம்மாவுக்கு ரகசியம் சொல்லத் தெரியாது. அவள் ரகசியமாகச் சொல்வது அடுத்த கடைக்குக் கேட்கும். பின்கட்டில் பஞ்சு மூட்டை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் அவள் சொன்னதை ஜன்னல் வழியாக நானும் கேட்டேன். பொத்தானின் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் குறை சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"கேஸ் போடறாங்களாம். சின்னது இல்லையாம், பெருசாம்."

"யாரு?"

"யாரா? உங்க தம்பி வீட்டுலதான். பவர் வாங்கறாங்களாம், தேவைக்கு மேலயே. வாசல்ல மூணு பேரை நிறுத்தப் போறாளாம், பின்வாசல்ல ஒருத்தனாம். நாம திருட்டுத்தனமா நுழையக் கூடாதாம். நம்ம வீட்டுல நாம!"

"உளறாத."

"மதர் போர்டாம்ங்க! அம்மா பேர்ல போர்டு மாட்டப் போறாங்க. பழசையெல்லாம் தூக்கிடுவாங்களாம். பெரியப்பாகிட்ட இப்பச் சொல்லாதன்னு வேற."

"தம்பி அப்படிப்பட்டவன் இல்ல" என்றார் பெரியவர். ஆனால் கையிலிருந்த மூட்டையை அதற்குப் பிறகு அவர் பிரிக்கவில்லை.

கேஸ் என்ற சொல்லுக்கு அந்த மனிதர் அப்படிப் பயந்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கடையில் மெத்தை தைத்தவர்கள். ஒரு ஜன்னல் யார் பக்கம் என்பதில் தொடங்கிய பேச்சு கோர்ட்டுக்குப் போயிற்று. கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். உள்ளே பஞ்சு ஈரம் ஏறி, புளித்து, கறுத்து, நாற்றம் தெரு முழுதும் அடித்ததாம். பெரியவர் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். கோர்ட்டு வராந்தாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவார். இந்தக் கோடியில் அப்பா, அந்தக் கோடியில் சித்தப்பா. இரண்டு பேரும் அவரைப் பார்ப்பார்கள். சித்தப்பாவுக்கும் பசித்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். கேஸ் யாருக்குச் சாதகமாக முடிந்தது என்று கேட்டால் பெரியவர் "பஞ்சுக்கு" என்பார். சின்னவர் அப்போது கைக்குழந்தை. அவருக்கு அது கதை. இவருக்கு நாற்றம்.

அதனால்தான் என்னிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் தலையாட்டியதும் நாடாவைச் சுருட்டினார்.

மறுநாள் சின்னவர் பஞ்சு மிஷினுக்கு எண்ணெய் விட்டபடி கேட்டார். "அண்ணே, அந்த நீள ஊசி எங்க?"

"உங்க பக்கம்தான் இருக்கு, பாருங்க."

சின்னவர் தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பிறந்ததிலிருந்து "டேய்" என்று கேட்ட காதுக்கு அந்த "பாருங்க" எங்கே போய் உட்காருவது என்று தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பொத்தானின் அம்மாவிடம் சொன்னார். "அண்ணன் என்னை உங்க, நீங்கன்னு பேசறாரு."

"பஞ்சு காதை அடைச்சிருக்கும். எண்ணெய் விட்டுக்கங்க."

"என் காதை ஏன் அடைக்கணும்? பேசினது அவரு."

"அப்ப அவரு காதுல விடுங்க."

மழை வலுத்துக்கொண்டு வந்தது. மழைநாளில் பஞ்சு கனக்கும், மிஷினில் சுற்றிக்கொள்ளும், வேலை பாதிதான் ஓடும். எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்த நாட்களில் பெரியவர் தம்பியை "வாங்க", "எடுங்க", "நீங்க சொன்னா சரிங்க" என்றே பேசினார். கோபப்பட்டுக் கத்தினாலாவது சின்னவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். மரியாதைக்கு என்ன பதில் கொடுப்பது?

மேலே ஒரே சமையலறை. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே உலை. பெரியம்மா பருப்பைக் கடைந்தபடி, எதுவும் தெரியாதவள்போலக் கேட்டிருக்கிறாள்.

"கேஸ் எப்ப?"

"நேத்தே சொல்லியாச்சுக்கா" என்றாள் பொத்தானின் அம்மா. அவள் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேஸ் என்றால் அடுப்புக்கு வருகிற சிலிண்டர். "மழைன்னு தள்ளிப்போடறாங்க. ஒண்ணு போட்டா பத்தாதுன்னு இந்தத் தடவை ரெண்டா சொல்லிட்டேன்."

பெரியம்மாவின் மத்து நின்றுவிட்டது. "ரெண்டா?"

"ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு கையில இருக்கணும்ல? நடுவுல அணைஞ்சுட்டா யாரு போய் நிக்கறது?"

அன்றைக்குப் பெரியம்மா சாப்பிடவில்லை. பெரியவருக்கு முட்டையை எடுத்து வைத்தபோது, "ரெண்டு கேஸுங்க" என்று மட்டும் சொன்னாளாம். அவர் முட்டையைத் தள்ளி வைத்துவிட்டார்.

கடைசியில் சின்னவருக்கு ஒரு காரணம் பிடிபட்டது. மகள் கம்ப்யூட்டர் வாங்குவதை மறைத்தது அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் இந்த மரியாதை எல்லாம். வாசல் ஷட்டருக்குக் கீழே இரண்டு பேரும் மழையைப் பார்த்து நின்றபோது அவரே பேச்சை எடுத்தார். நான் உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, உங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்."

"பொண்ணு ஆசைப்பட்டா."

"அவளுக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"குறைன்னு இல்ல. ரொம்ப நாளா மனசுல வச்சிருந்தா. இப்பத்தான் தைரியம் வந்திருக்கு."

"நீங்க தடுக்கலையா?"

"எதுக்குண்ணே தடுக்கணும்? எல்லா வீட்டுலயும் இப்ப இதுதானே நடக்குது. நமக்கு அந்த வயசுல வசதி இல்ல. இருந்திருந்தா நாமளும் போட்டிருப்போம்."

பெரியவர் மழையையே பார்த்தார். "நாமளும்" என்றார்.

"முன்ரூம்ல ஜன்னலோரமா இடம் கேட்டா. குடுத்துடலாம்னு இருக்கேன், நீங்க சரின்னா."

"ஜன்னலா?"

"ஆமா. காத்து வேணும்கறா."

பெரியவர் ஷட்டரைப் பிடித்துக்கொண்டார். சின்னவருக்கு அது புரியவில்லை. அண்ணனைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து மேலும் சொன்னார். "உங்களுக்குத் தெரியாமப் பண்ணுவோமா? வந்ததும் முதல்ல உங்க கையிலதான் குடுக்கச் சொல்லியிருக்கேன். அதுதானே மரியாதை."

"மரியாதைதான்" என்றார் பெரியவர்.

மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் கடை முன்னால் ஒரு மூன்று சக்கர லோடு வண்டி வந்து நின்றது. ஓட்டிவந்தவர் வாயில் குச்சி வைத்து மென்றுகொண்டிருந்தார். பெரியவர் மேலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கி, வாசலுக்குக் கொண்டுவந்திருந்த தன் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். பெரியம்மா ஒரு படுக்கைச் சுருளோடு பின்னால் நின்றாள், கண் சிவந்து.

"ஏத்தட்டுமா?" என்றார் வண்டிக்காரர்.

"என்னண்ணே இது?" என்று சின்னவர் உள்ளேயிருந்து வந்தார். தலையெல்லாம் பஞ்சு.

"நாங்க கட்டிக்குடுத்த எங்க பொண்ணு வீட்டோட போறோம். கடை, மேல் வீடு, ஜன்னல், எல்லாம் நீங்க எடுத்துக்கங்க. என் மிஷின் மட்டும் நான் எடுத்துக்கறேன். அதுகூட வேணும்னாலும் சொல்லுங்க. கோர்ட்டு வரைக்கும் வேணாம்."

"எந்தக் கோர்ட்டு?"

"வேணாம். சொல்ல வேணாம். நான் படி ஏற மாட்டேன். ஒரு தடவை பார்த்தது போதும்."

"மழை திரும்பப் பிடிச்சுக்கும் போல" என்றார் வண்டிக்காரர் வானத்தைப் பார்த்து. "ஏத்தட்டுமா, வேணாமா?"

அதே நேரத்தில்தான் பார்சல் வேன் வந்தது. இறங்கின ஆள் ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தார்.

"ஏதோ கேஸுன்னு போட்டிருக்கு! யாரு வாங்கறீங்க?"

பெரியம்மா படுக்கைச் சுருளைக் கீழே போட்டாள். பெரியவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனார். கையை நீட்டினார்.

"குடுங்க. எனக்குத்தான் வந்திருக்கும்."

"ஒரு கையால முடியாது ஐயா. அந்தப் பக்கம் பிடிங்க."

வேனுக்குள்ளிருந்து ஒரு ஆள் உட்காரக்கூடிய அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. கோர்ட்டு தாள் இவ்வளவு பெரிய பெட்டியில் வருமா என்று பெரியவர் யோசித்ததை அவர் முகத்தில் பார்த்தேன். ஆனாலும் பிடித்தார். வழி விட மனமில்லாத மாதிரிப் பின்னால் நடந்து நடந்து உள்ளே வந்தார். இருவரும் அதை வெட்டு மேசையில் வைத்தார்கள். பொத்தான் மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகக் குதித்து வந்தாள்.

"வந்துடுச்சா! பெரியப்பா கையிலயே குடுத்துட்டாங்களா? அப்பா, நான் சொன்ன மாதிரியே நடந்துடுச்சு பார்த்தீங்களா? பிரிங்க பெரியப்பா, நீங்களே பிரிங்க."

கத்தரிக்கோலை அவர் கையில் வைத்தாள். அவர் பிரித்தார். நுரைத் தகடு, பாலிதீன், அதற்குள் கறுப்பாக ஒரு கூடு, ஒரு பக்கம் கண்ணாடி. பெரியவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லையே."

"கேஸுன்னா அப்படித்தான். இனிமேதான் உள்ள வைக்கணும்."

"இதுதான் கேஸா?"

"ஆமா. எப்படி? பெருசுல்ல?"

பெரியவர் பக்கத்திலிருந்த பஞ்சு மூட்டையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் அமிழ்ந்தார். "பவர்?" என்றார்.

பொத்தான் மாடிப்படிக்கு அடியிலிருந்து அந்தச் செங்கல் பெட்டியை எடுத்துக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"மதர் போர்டுன்னு ஏதோ…"

"இதோ. எல்லாரும் வந்து சேர்ற இடம். அதனால மதர்."

"அந்த மூணு பேரு?"

"எந்த மூணு பேரு?"

"வாசல்ல நிறுத்தறேன்னு சொன்னியாமே. பின்னாடி ஒருத்தன்னு."

பொத்தான் முதலில் விழித்தாள். பிறகு கூட்டின் முன்பக்கத்தைக் கழற்றி, விரலால் ஒரு காற்றாடியைச் சுற்றிவிட்டாள். அடுத்ததையும் சுற்றினாள். மூன்றாவதைச் சுற்றும்போதே அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "இவங்கதான் பெரியப்பா! கும்பிடுங்கடா பெரியப்பாவ!"

பார்சல்காரர்கூடச் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்து வாங்கிப் போனார். சத்தம் கேட்டு இறங்கிவந்த பொத்தானின் அம்மா கேட்டது, "என்ன, கேஸ் வந்துடுச்சா? ரெண்டும் வந்துச்சா?" என்று. பெரியம்மாவுக்கு அப்போதுதான் அந்த இரண்டாவது கேஸும் விளங்கியது. "நான் சரியாத்தான் கேட்டேன்" என்றாள். "கேட்டதுல ஒரு எழுத்து தப்பில்ல. வேணும்னா இந்தப் பொண்ணைக் கேளுங்க." நான் வேறு எங்கோ பார்த்தேன்.

சின்னவர் சிரிக்கவில்லை. தலையிலிருந்த பஞ்சை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் கேஸ் போடுவேன்னு நினைச்சீங்க" என்றார்.

சிரிப்பு அடங்கியது.

"உங்க மேல. நான்."

"டிரங்கு அப்படியே நனையுது" என்றார் வாசலிலிருந்து வண்டிக்காரர். யாரும் திரும்பவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருந்தாக்கூடப் பட்டுட்டிருப்பேன். நீங்க, வாங்க, போங்கன்னு… இத்தனை வருஷம் ஒரே சட்டியில சாப்பிட்டு."

பெரியவரால் மூட்டையிலிருந்து சட்டென்று எழுந்திருக்க முடியவில்லை. அப்படியே அமிழ்ந்தபடி சொன்னார். "உன்னை நினைக்கல. கேஸை நினைச்சேன். நம்ம அப்பாவும் சித்தப்பாவ அப்படி நினைச்சவரு இல்ல."

"அவங்க வேற."

"அவங்களும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தாங்க."

சின்னவர் கையிலிருந்த பஞ்சு உருண்டையைத் தூக்கி எறிந்தார். அது எடை இல்லாமல் அவர் காலடியிலேயே விழுந்தது. தூறல் வலுத்தது. பெரியம்மா, பொத்தானின் அம்மா, நான், மூன்று பேரும் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை தப்பாக விழுந்திருந்தால் வண்டியில் சாமான் ஏறியிருக்கும்.

பொத்தான் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். நன்றாக, ஈரத் துணியால், மூலை மூலையாக. பிறகு ஒவ்வொரு பெட்டியாகக் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள்.

"உங்க சண்டை எங்கயும் ஓடிப் போயிடாது" என்றாள். "பஞ்சு மிஷின் நிக்கற நேரம் இது ஒண்ணுதான். இப்ப விட்டா எல்லாத்துலயும் தூசி ஏறிடும். மேசை ஆடுது. அப்பா, அந்தப் பக்கம். பெரியப்பா, இந்தப் பக்கம். பிடிங்க."

"நான் எதுக்கு?" என்றார் சின்னவர்.

"அப்ப யாரு பிடிப்பா, கேப்டனா?"

பெரியவரைக் கை கொடுத்து மூட்டையிலிருந்து அவளே கிளப்பினாள். இரண்டு பேரும் வந்து நின்றார்கள், முகம் பார்க்காமல். அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசரை இரண்டு விரலால் தூக்கி, அதன் மூலையில் இருந்த அடையாளத்தைப் போர்டின் அடையாளத்தோடு பொருத்தி, அழுத்தாமல் விட்டாள். அது தானாக உட்கார்ந்தது. நினைவகத் துண்டுகளைச் சரியான பள்ளத்தில் வைத்து இரண்டு பக்கமும் டக் என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினாள். கூலரின் நான்கு திருகாணிகளையும் ஒரே மூச்சில் இறுக்காமல், குறுக்காகக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள்.

"ஏன் குறுக்கால?" என்றார் பெரியவர்.

"ஒரு பக்கமே இறுக்கினா இன்னொரு பக்கம் தூக்கிக்கும்."

பெரியவர் "ம்" என்றார்.

போர்டு கூட்டுக்குள் போயிற்று. பவர் அடியில் போயிற்று. கடைசியாக, திரையில் படம் ஓட்டுகிற அந்தக் கார்டு. என் முழங்கை நீளம் இருக்கும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பொத்தான் மட்டும் பிடிக்கவில்லை. சரித்து, நிமிர்த்தி, உள்ளே இறக்கினாள். கார்டின் முனைக்கும் முன்காற்றாடிக்கும் நடுவே நான்கு விரல் இடம் மிச்சம் இருந்தது. விரலை உள்ளே விட்டுக் காட்டினாள். "கட்டிலை அளந்துட்டுத்தான் மெத்தை" என்றாள்.

ஒயர்கள்தான் பெரிய தொல்லை. பவரிலிருந்து வருகிற கற்றையை எல்லாம் கூட்டின் முதுகுப்பக்கம் கொண்டுபோய், அங்கங்கே இருக்கிற துளை வழியாக முன்பக்கம் எடுக்க வேண்டும். முன்னால் நிற்பவருக்குப் பின்னால் இருப்பது தெரியாது. பொத்தானுக்கு இரண்டு கைதான். கூட்டை நிமிர்த்தி வைத்தாள். முதுகுப்பக்கம் சின்னவர் நின்றார், முன்பக்கம் பெரியவர். நிமிர்த்திய மெத்தைக்கு இரண்டு பக்கமும் நின்று ஒருத்தர் குத்தின ஊசியை இன்னொருத்தர் வாங்கித் திருப்பித் தந்தே வாழ்க்கையை ஓட்டியவர்கள். நடுவில் இருப்பது பஞ்சா, தகரமா என்பது கைக்குத் தெரியாது.

"எந்த ஓட்டை?" என்றார் சின்னவர்.

"மேல. இன்னும் மேல."

"தள்றேன்."

"வருது. வருது. போதும்."

"தடிமனானது இருக்கு ஒண்ணு."

"அதைக் கீழ விடு. ஏய், முறுக்காத. நேரா விடுடா."

"நேராத்தான் விடறேன். நீங்க அந்தப் பக்கம் சேர்த்து இழுக்கறீங்க."

"நான் எங்க இழுத்தேன்? தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"தொட்டா இப்படி இறுகுமா?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றாள் பொத்தான். "அது காத்தாடி ஒயரு. விட்டா அறுத்துடுவீங்க."

"அறுந்தா இவன்தான் காரணம்."

"கேளுங்க, இப்பவே கேஸ் போடறாரு" என்றார் சின்னவர். குரலில் இன்னும் சூடு இருந்தது. ஆனால் அடுத்த ஒயரைத் தள்ளினார். பெரியவர் வாங்கிக்கொண்டார். பெரியம்மா கண்ணாடி மூடியில் இருந்த கைரேகையை முந்தானையால் துடைத்தாள். "இவ்ளோ பெரிய கேஸ் எதுக்குடி, அடைகாக்கவா?" என்றாள். பொத்தானின் அம்மா தேநீர் போட மேலே போனாள்.

நான் என் மிஷினுக்குத் திரும்பும்போது வாசலைப் பார்த்தேன். வண்டிக்காரர் குச்சியைத் துப்பிவிட்டு, பெரியவரின் தையல் மிஷினைத் தூக்கி மழை படாத இடத்தில் சுவரோரம் வைத்தார். டிரங்கை அதன் பக்கத்தில் வைத்தார். படுக்கைச் சுருளை டிரங்கின் மேல் வைத்து, ஈரம் பட்ட ஓரத்தை உள்பக்கமாக மடித்துவிட்டார். ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தார். மூன்று தலைகளும் அந்தக் கூட்டுக்குள் இருந்தன, மூன்று வாயும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன. அவர் யாரையும் கூப்பிடவில்லை. வண்டியைக் கையாலேயே தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டுபோய், அங்கே வைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.